மேற்கு வாசலை அவன் ஏன் திறந்தான்

ஆஸ்பத்திரி பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்து என் வாயால் கோட்டைக் கதை கேட்டவர்களும் படித்த நானுமாக இன்று ஆறு பேர் மிச்சம் இருக்கிறோம். மற்ற ஐந்து பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் செல்போன் குழுவில் தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போடுகிறவர்கள், இன்று ஒரு நாள் கொஞ்சம் நீளமாகப் படிக்க வேண்டியிருக்கும். நீங்கள் கேட்ட அந்தக் கதையில் ஒரு வாரம் மட்டும் நான் சொன்னது அச்சில் இருந்தது அல்ல.

போன மாதம் என் பேத்தி வந்திருந்தாள். அவள் கையில் ஏதோ ஒரு மாயாஜாலக் கதை, தலையணை கனத்தில் நான்கு பாகம். ஐந்தாவது பாகம் இன்னும் வரவில்லை. அதில் ஒரு தளபதி கடைசி நேரத்தில் தன் படையை விட்டுப் போய்விடுகிறானாம். ஏன் போனான் என்று முகம் தெரியாத ஆயிரம் பேரோடு சேர்ந்து இவளும் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதற்குத் தியரி என்று பெயர். "மந்திரத்துக்கு ஒரு விதி இருக்கு தாத்தா. அது தெரிஞ்சா அவன் ஏன் போனான்னு தெரிஞ்சிடும்" என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லி அப்படியே நின்றது. அறுபது வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை வேறொரு வாயில் கேட்டிருக்கிறேன்.

பாகூருக்கு மேற்கே இருந்த நம் ஊரின் தர்ம ஆஸ்பத்திரி உங்களுக்கு நினைவிருக்கும். டாக்டர் வாரம் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் என் அப்பாதான் எல்லாம். கம்பவுண்டர். இளஞ்சிவப்பு மிக்சர், பாட்டிலின் முதுகில் படிக்கட்டு மாதிரி வெட்டி ஒட்டிய காகிதம், ஒரு படி ஒரு வேளை. வியாழக்கிழமை தோறும் அவர் பாண்டிச்சேரிக்குப் போய் மருந்துப் பெட்டியோடு பஸ்ஸில் வருவார். பெட்டிக்குள் வைக்கோலுக்கு நடுவே சிறுவர் வார இதழ் ஒன்று இருக்கும். அதைப் பிரித்தால் டிஞ்சர் வாடை வரும். இன்றும் காயத்துக்கு மருந்து போடும்போது எனக்குக் கதை படிக்க வேண்டும் போலிருக்கிறது.

ஊரில் அந்த இதழ் வருவது ஒரே வீட்டில். நான் உரக்கப் படிப்பேன், நீங்கள் கேட்பீர்கள். இதழை நான் மட்டும்தான் தொடலாம் என்பது அப்பா போட்ட சட்டம். தாள் கிழியக் கூடாது, ஏனென்றால் படித்து முடித்த இதழ்களை நறுக்கித்தான் அவர் காய்ச்சல் பவுடர் மடிப்பார். பெஞ்சில் நாம் உட்கார்வோம். ஏரி மதகைத் திறந்து மூடும் மதகுக்காரரின் மகள் மட்டும் ஆறடி தள்ளி, வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்வாள். அவளை யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை அப்போது நாம் ஒழுங்கு என்று நினைத்தோம்.

கதை இதுதான், மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கோட்டை. அதற்குப் படை இல்லை. தினமும் காலையில் ஊர் மக்கள் ஒவ்வொருவரும் சுவரில் கை வைத்து ஒரு நல்ல சொல் சொல்வார்கள். அந்தச் சொல் சுவருக்குள் இறங்கும். நூறு ஆண்டுகளாக இறங்கிய சொற்கள்தான் கோட்டைக்குக் காவல், எந்த எதிரியாலும் நெருங்க முடியாது. அப்படிப்பட்ட கோட்டையில், எதிரிப் படை வெளியே நிற்கும்போது, மேற்கு வாசல் காவலன் சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டான். தொடரும் என்று போட்டு முடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் விடை வரும் என்று காத்திருந்தோம். எழுதியவர் காட்டில் வழி தவறிய இளவரசியிடம் போய்விட்டார். அதற்கடுத்த வாரமும் இளவரசிதான். ஒரு பேசும் ஆமை வேறு வந்து சேர்ந்தது. ஆறு வாரம் அந்த ஆமையை நாம் சபித்தோம். அந்த ஆறு வாரமும் நமக்கு வேறு வேலை இல்லை, அவன் ஏன் திறந்தான் என்பது ஒன்றுதான்.

முடிவெட்டுகிறவர் மகன், நம் கூட்டத்தின் கோமாளி, காவலனுக்கு வயிற்றுப்போக்கு என்றான். "அவசரம்டா. தொறந்துக்கினு ஓடினான். மூட மறந்துட்டான்." இதற்கு ஒரு வாரம் சிரித்தோம். நான் காவலன் துரோகி என்றேன். எதிரியிடம் பொன் வாங்கிவிட்டான். படிப்பவன் நான் என்பதால் என் கட்சிக்கு ஆள் அதிகம்.

அப்போதுதான் வேப்பங்கன்றுப் பக்கத்திலிருந்து அவள் பேசினாள்.

"மந்திரத்துக்கு ஒரு விதி இருக்கு. அது தெரிஞ்சா அவன் ஏன் தொறந்தான்னு தெரிஞ்சிடும்."

"இன்னா விதி?" என்றான் கோமாளி.

"மந்திரம் கொறைஞ்சி போச்சா, தீர்ந்து போச்சான்னே பேசறீங்க. ரொம்பிப் போனா இன்னா ஆவும்னு யாராவது கேட்டீங்களா?"

"ரொம்பினா நல்லதுதானேடி!"

"ஏரி ரொம்பினா நல்லதா?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "மூணாவது வாரம் கோட்டைச் செவுரு வேர்க்குதுன்னு படிச்ச. அப்புறம் எண்ணெ ஊத்தாத வௌக்கு எரியுதுன்னு படிச்ச. அரமணை மாமரம் பருவம் இல்லாம காய்க்குதுன்ன. மந்திரம் கொறைஞ்சா இதெல்லாம் எப்படி ஆவும்? எங்க கரை கூட ஒடையறதுக்கு முன்னால அப்படித்தான் வேர்க்கும். அவன் தொறக்கலன்னா கோட்டையே வெடிச்சிருக்கும். அவன் துரோகி இல்ல. மதகுக்காரன்."

நான் அன்று வீட்டுக்குப் போய்ப் பழைய இதழ்களைப் புரட்டினேன். நறுக்காமல் மிச்சமிருந்த மூன்றாவது வார இதழில் இருந்தது. "சுவர்களில் வியர்வை அரும்பியிருந்தது." நானே படித்த வரி. எனக்கு அது அலங்காரம். அவளுக்கு அது தடயம்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. மிச்சத் தண்ணீர் போகும் கலங்கலில் வழிந்தும் ஏரி ஏறிக்கொண்டே இருந்தது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எவ்வளவு தண்ணீர் வந்தாலும் ஊர்ப் பெரியவர் கரைக்கு வந்து, மண்வெட்டிக் காம்பால் மதகுக் கல்லில் மூன்று தட்டுத் தட்டிய பிறகுதான் பெரிய மதகைத் தூக்கலாம். அப்போது பெரியவராக இருந்தவர் என் பெரியப்பா. ஆறாம் நாள் மதியம் அவர் தட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். மதகுக்காரர் தானாகவே இரும்புத் திருகுக்கம்பியை மாட்டிக் கதவை முழுக்கத் தூக்கிவிட்டார்.

கீழே இருபது காணி சம்பா, கதிர் விட்டு நின்றது, மூழ்கியது. அதில் நான்கு காணி பெரியப்பாவுடையது.

வடக்கு வளைவில் கரை ஊறிக் கசிந்தது, கால் வைத்தால் புதைந்தது, எழுப்பிக் கேட்க நேரம் இல்லை என்றார் மதகுக்காரர். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். தண்ணீர் மூன்றடி இறங்கியிருந்தது. கசிவு நின்றிருந்தது. ஈர மண் இருந்தது, ஆனால் மழையில் எங்கேதான் ஈரம் இல்லை? கரை உடையாததால், உடைந்திருக்கும் என்பதற்குச் சாட்சி இல்லாமல் போயிற்று. மீன் குத்தகைக்காரன் கொடுத்த ஒரு கூடை விராலுக்காகத் திறந்தான் என்று மறுநாளே பேச்சு வந்தது. தண்ணீர் வடிந்தால் மீன் பிடிப்பது சுலபம் அல்லவா. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் என்று முடிவாயிற்று. குற்றம் உறுதியானால் மதகுக் கம்பியைப் பறித்துக்கொண்டு, கொம்யூன் அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்துவிடுவது. அந்த அலுவலகத்தைப் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பெயரில் மேரி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம்.

செவ்வாய்க்கிழமை மதகுக்காரர் கட்டை விரல் காயத்துக்குக் கட்டுப் போட வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சாமி, பசங்க படிக்கிற அந்தக் கோட்ட, செஞ்சிக்கு அந்தாண்டயா, இந்தாண்டயா?" என்றார்.

அப்பா சிரித்துக்கொண்டே, "அந்தாண்டதான்" என்றார்.

"அந்தக் காவக்காரனுக்கு இன்னா தீர்ப்பு ஆச்சாம்?"

"இன்னும் அச்சுல வரல. வந்ததும் உன் மகளே சொல்லுவா."

அப்பா அதை வேடிக்கையாகச் சொன்னார். நல்ல மனிதர், ஆனால் எதிரில் இருப்பவர் கேலியாகக் கேட்கவில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. நம் ஊருக்கு அச்சில் என்னவெல்லாம் வந்தது என்று யோசியுங்கள். பஞ்சாங்கம், கரும்பு விலை, சர்க்கார் நோட்டீஸ். அச்சில் வந்த பொய்யை அந்த மனிதர் வாழ்நாளில் பார்த்ததில்லை. எங்கோ செஞ்சிக்கு அப்பால், தன்னைப் போல ஒருவன் கேட்காமல் கதவைத் திறந்திருக்கிறான், அவன் வழக்கின் தீர்ப்பு வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறது என்று அவர் நம்பினார். அதை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்லப் போகிறார். அவர் மகள் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தாள். "காவக்காரன் செஞ்சது சரின்னுதான் வரும்பா. நான் கண்டுபிடிச்சிட்டேன்."

இனி என் பங்கு. புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் அப்பா அம்மாவிடம், "மதகுக்காரன் மவளுக்கு இருக்கிற மூளையில கால்வாசி இவனுக்கு இருந்தா போதும்" என்றார். அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் தேடாதீர்கள். பெரியப்பாவின் நான்கு காணிக்காக நான் செய்யவில்லை. பத்து வயதில் எனக்கு நெல்லைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை.

வியாழக்கிழமை பெட்டி வந்ததும் நான் இதழை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்ப் படித்தேன். இளவரசியும் ஆமையும் போயிருந்தார்கள். கோட்டை திரும்பி வந்திருந்தது. அவள் சொன்னதுதான். ஏறக்குறைய அவள் சொன்ன மாதிரியேதான். முதலில் எனக்குப் பொறாமை வரவில்லை, பயம்தான் வந்தது. பாண்டிச்சேரியைக் கூடப் பார்க்காத ஒரு பெண், எங்கோ இருக்கும் எழுத்தாளரின் தலைக்குள் எப்படிப் போனாள்? பொறாமை அப்புறம் வந்தது. வந்தது போகவில்லை.

சாயங்காலம் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். அன்று வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் அவளுக்குப் பின்னால் அவள் அப்பாவும் நின்றார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார், அதிகாரிகள் முன் நிற்பதுபோல. நான் படித்தேன். எதிரியை விரட்டிவிட்டு அரசன் காவலனைச் சபைக்கு இழுத்து வந்தது வரை அச்சில் இருந்தபடியே படித்தேன். "ஏன் திறந்தாய்?" என்று அரசன் கேட்டான். அந்த இடத்தில் என் கண் தாளின் மேல் இருந்தது, வாய் வேறு எங்கோ போயிற்று.

"காவலன் தலை குனிந்தான். எதிரி தந்த பொன்னுக்காகத் திறந்தேன் அரசே என்றான்."

நீங்கள் கை தட்டினீர்கள். கோமாளி என் முதுகில் அடித்தான். அவள் எழுந்து நின்றாள்.

"இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"மொதல்ல படிச்சப்ப வேற மாதிரி இருந்துச்சி."

"அச்சு மங்கியிருக்கு."

"காட்டு."

ஒரு அடி முன்னால் வந்தாள். நான் இதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தொடாத. அப்பா திட்டுவாரு" என்றேன். அவள் நின்றுவிட்டாள். அந்த ஆறடி எனக்கு அன்று எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நான் மறந்ததில்லை. அவள் அப்பா, "வா புள்ள, வூட்டுக்குப் போலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை.

எல்லோரும் போன பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன். ஒளித்து வைத்தால் அகப்படும் என்று, பவுடர் மடிக்க நறுக்கி வைத்திருந்த தாள்களின் நடுவில் செருகிவிட்டேன். மறுநாள் ஊரில் காய்ச்சல் அதிகம். அப்பா வரிசையாக மடித்துக் கொடுத்தார். காவலனின் தீர்ப்பு யார் வீட்டுக்குப் போயிற்றோ, பவுடரை வாயில் கொட்டிக்கொண்டு தாளை அடுப்பில் போட்டிருப்பார்கள்.

ஞாயிறு மாலை கூட்டத்தில் பெரியப்பா கேட்டார். "கேக்காம தொறந்த. நீ இன்னாய்யா சொல்ற?"

மதகுக்காரர் திருகுக்கம்பியை, ஒரு குழந்தையை இறக்கி விடுவதுபோல, மெதுவாகத் தரையில் வைத்தார். "அந்தக் காலத்துலயே ஒருத்தன் தொறந்தது தப்புன்னு ஆயிப்போச்சி. நான் இன்னா சொல்றது" என்றார்.

பெரியவர்களுக்குப் புரியவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று எடுத்துக்கொண்டார்கள். புரிந்தவர்கள் ஓரமாக நின்ற நாம்தான். அது பொய் என்று தெரிந்தவன் நான் ஒருவன். முன்னால் போய்ச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. பெரியப்பாவின் செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது, அந்த நிமிடம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை பிறந்ததும் மதகுக்காரர் வீட்டார் பண்டசோழநல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனார்கள். திரும்பவில்லை. மறு வருடம் புதிய மதகுக்காரர் மூன்று தட்டுக்காகக் காத்திருந்தார். கரை வடக்கு வளைவில் உடைந்தது. கீழத் தெருவில் எட்டு வீடு போயிற்று. பெரியப்பா அதன் பிறகு கரைப் பக்கம் போனதில்லை. அந்தக் கம்பி அவர் மாட்டுக்கொட்டகையில் பல வருடம் கிடந்து, பழைய இரும்போடு போயிற்று.

இட்லி நின்ற அந்தக் காலைக்கு மறுவாரம் நான் கரையாம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். மதகுக்காரர் மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தார்கள் என்று கோமாளிதான் விசாரித்துச் சொன்னான். எதற்கு என்று அவன் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெள்ளை. "யாருங்க? வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கம்பவுண்டர் மகன்."

கை நின்றது. பிறகு முகம் முழுக்கச் சிரித்தாள். "அட, கோட்டக் கதையா!"

நான் தயார் செய்துகொண்டு போன எதையும் அவள் பேச விடவில்லை. "இரு இரு. நான் ஒன்னு கண்டுபிடிச்சி வெச்சிருக்கேன், சொல்ல ஆளே இல்ல. அந்தக் காவக்காரன் பொன்னு வாங்கினேன்னு சொன்னான் இல்ல? அது பொய்யி. உண்மையச் சொன்னா செவுரு வெடிக்கப் பாத்துதுன்னு ஜனத்துக்குத் தெரிஞ்சிபூடும். மறுநாள் எவன் அந்தச் செவுத்த நம்பிக் கை வெப்பான்? அதான் பழிய தன் மேல போட்டுக்கினான். எப்படி?"

அறுபது வருடம். என் பொய்யை வைத்துக்கொண்டு, அது பொய் என்று தெரியாமலே, அதற்குள்ளிருந்து அந்த மனிதனை மீட்டிருந்தாள். எழுதியவர் எழுதியதைவிட அது நன்றாகவே இருந்தது.

நான் சொன்னேன். கொட்டகைக்குப் பின்னால் படித்தது, வாய் போன இடம், பவுடர்த் தாள், எல்லாம். நீங்கள் மேலே படித்ததைத்தான், இதைவிடக் குறைந்த வார்த்தைகளில்.

மல்லாட்டைத் தோலை முறத்தின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு வூட்டுக்குப் போற வழியில நான் எங்கப்பாவ ஒன்னு கேட்டேன்" என்றாள். "நீயும் வெரா கூடை வாங்கினியாப்பான்னு கேட்டேன். ஒரே ஒரு தடவதான். வாய்க்கால்ல எறங்கி ரொம்ப நேரம் காலு கழுவிக்கினு இருந்தாரு. சாவற வரைக்கும் என் கையால மீன் வாங்கித் துன்னல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் எதுவும் சொல்லவில்லை. அவள் சொல்லாததைச் சொன்னதாக நான் எழுத மாட்டேன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம் அந்தக் கத எப்படி முடிஞ்சிது?" என்று கேட்டாள்.

"முடியலை. எழுதினவரு மறுபடி கோட்டைக்கு வரவே இல்ல. அடுத்த தையில அந்த இதழே நின்னுபோச்சு."

"ஆமையுமா?"

"ஆமையும்தான்."

சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. "அந்தத் தாளு உனுக்கு நெனப்பிருக்கா?"

"ஒவ்வொரு எழுத்தும்."

சொல்லத் தொடங்கினேன். கையை நீட்டித் தடுத்தாள். "எனுக்கு எதுக்குச் சொல்ற? எனுக்குத்தான் அப்பவே தெரியுமே. அன்னிக்குக் கை தட்டினாங்களே, அவங்களுக்குப் படி."

ஆகவே, கை தட்டியவர்களே, மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி. விட்ட இடத்திலிருந்து படிக்கிறேன்.

"ஏன் திறந்தாய்?" என்றான் அரசன்.

காவலன் நிமிர்ந்து நின்றான். "அரசே, நூறு ஆண்டுகளாகச் சுவரில் சொற்களை நிரப்பினோம். வடிய விட வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. சுவர் வியர்த்தது, பார்த்தேன். திறக்காதிருந்தால் கோட்டை உள்ளிருந்தே வெடித்திருக்கும். வெடிக்காததால் என்னிடம் சாட்சி இல்லை."

அரசன் எழுந்து போய்ச் சுவரில் கை வைத்தான். அது உலர்ந்திருந்தது. மேற்கு வாசலின் சாவியைத் தரையிலிருந்து தானே குனிந்து எடுத்து, காவலனின் கையில் திருப்பிக் கொடுத்தான்.